இதரச் செலவு

உங்களிடம் ஒரு கேள்வி. பதிலை எனக்கு எழுத வேண்டாம். உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டால் போதும்.

உங்கள் வீட்டு செப்டிக் டேங்க் நிறைந்தால் என்ன செய்வீர்கள்?

முகம் சுளிக்காதீர்கள். காபியோடு படிக்கிற பக்கத்தில் இதெல்லாம் தேவையா என்று நினைப்பவர்கள் காபியை முடித்துவிட்டு வரலாம். நான் காத்திருக்கிறேன்.

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டது ஒரு சின்னப் பெண். நடந்தது 2018-ல். எங்கள் புறநகரில் பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிறு கூட்டம் நடத்துவார்கள். இடம், ஒரு டியூஷன் சென்டரின் மொட்டை மாடி. ஒரு மாதம் ரத்ததானம். ஒரு மாதம், தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுவது எப்படி என்று பயிற்சி. அந்த மாதம் ‘கக்கூஸ்’ படம் போட்டார்கள். மலக்குழிகளில் இறங்கும் மனிதர்களைப் பற்றி திவ்யபாரதி இயக்கி, 2017-ல் வெளிவந்த ஆவணப்படம். படம் முடிந்ததும் பேசுவதற்கு ஓர் ஆள் வேண்டும். பக்கத்துத் தெருவிலேயே ஒரு பத்திரிகைக்காரன் இருக்கும்போது வெளியில் தேடுவானேன் என்று என்னைப் பிடித்துவிட்டார்கள்.

நன்றாகத்தான் பேசினேன். (நானே சொல்லக் கூடாது. ஆனால் கைதட்டல் பலமாக இருந்தது.) சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் 2003-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, பதினோரு வருடம் கழித்து 2014 மார்ச் 27-ல் தீர்ப்பு வந்தது, 1993 முதல் சாக்கடைக் குழிகளில் செத்தவர்களின் குடும்பங்களைத் தேடிப் பிடித்துத் தலா 10 லட்சம் கொடு என்று நீதிமன்றம் சொன்னது, அந்த இயக்கத்தின் பெஸவாடா வில்சனுக்கு 2016-ல் மகசேசே விருது கிடைத்தது... எல்லாம் விரல் நுனியில். இந்த விஷயத்தைப் பற்றி இரண்டு கட்டுரை எழுதியவன் ஆயிற்றே!

பி.எட். படிப்பதாகச் சொன்ன அந்தப் பெண் கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள்.

“சார், உங்க அபார்ட்மென்ட்ல எப்படி க்ளீன் பண்றாங்க?”

“லாரி வரும்மா” என்றேன்.

பொய்.

பச்சைப் பொய் என்று அந்த நிமிடம் எனக்கே தெரியாது என்பதுதான் வேடிக்கை. லாரிதான் வந்திருக்கும் என்று ஒரு நினைப்பு. ஆனால், படி இறங்கும்போது வயிற்றில் ஏதோ புரண்டது. எங்கள் 24 வீட்டுக் குடியிருப்புக்கு அப்போது நான்தான் பொருளாளர். ஒரு கட்டடத்தில் பி.காம். படித்தவன் ஒருத்தன் இருந்தால், இந்தப் பதவி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து வவுச்சர் ஃபைலை எடுத்தேன். எட்டு மாதத்துக்கு முந்தைய சீட்டு ஒன்று. ‘டேங்க் சுத்தம், 2 ஆள், 2,400 ரூபாய்’. கீழே ‘பாஸ்டு ஃபார் பேமென்ட்’ என்று என் கையெழுத்து. லெட்ஜரில் அதை எந்தத் தலைப்பில் ஏற்றியிருக்கிறேன் என்று பார்த்தேன். இதரச் செலவு. அதற்கு மேலே மாடிப்படி பல்பு. கீழே ஆயுத பூஜைப் பொரி.

இரண்டு ஆள் எங்கள் குழிக்குள் இறங்கி ஏறியிருக்கிறார்கள். எங்கள் கழிவுதான். அதை நான் பொரிக்கும் பல்புக்கும் நடுவில் எழுதி, கூட்டல் சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

ஆடம் ஸ்மித் எங்கள் ஆள். காமர்ஸ் படித்தவர்களுக்கு அவர் குலதெய்வம் மாதிரி. 1776-ல் அவர் எழுதிய ‘நாடுகளின் செல்வம்’ பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அதற்குப் பதினேழு வருடம் முன்னால், 1759-ல், மனிதனின் அறவுணர்ச்சி பற்றி அவர் இன்னொரு புத்தகம் எழுதினார். அதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதில் ஒரு கணக்கு வரும். சீனா முழுக்கப் பூகம்பத்தில் போய்விட்டது என்று கேள்விப்பட்டால் ஐரோப்பாவில் இருக்கிற ஒரு நல்ல மனிதன் வருத்தப்படுவான், நாலு தத்துவம் பேசுவான், பிறகு நிம்மதியாகத் தூங்குவான். ஆனால், நாளைக்குத் தன் சுண்டுவிரல் போகப்போகிறது என்றால் ராத்திரி முழுக்கத் தூக்கம் வராது.

ஸ்மித் சொன்னது சரி. ஆனால், அவர் பார்க்காத ஒன்று நம் காலத்தில் நடக்கிறது. தூரத்துத் துன்பத்துக்கு நாம் உண்மையாகவே கண்கலங்குகிறோம். பாலஸ்தீனத்துக்கும் மணிப்பூருக்கும் மனசு பதறுகிறது. அதில் போலித்தனம் இல்லை. அந்தப் பதற்றம் வேண்டியதுதான். ஆனால், தூரத்தில் இருப்பவன் நம் வீட்டு வவுச்சரைக் கேட்க மாட்டான். ‘உங்க வீட்ல எப்படி சார்?’ என்று அங்கிருந்து யாரும் எழுந்து நிற்கப்போவதில்லை. கடைசி வரிசைப் பெண் உள்ளூரில்தான் இருக்கிறாள். உள்ளூர்க் கூட்டம் என்றதும் ‘டைம் இல்லீங்க’ என்று நாம் நழுவுவதற்கு, நேரம் மட்டும்தான் காரணமா?

அடுத்த மாதம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இதைக் கிளப்பினேன். 2013-ஆம் வருடச் சட்டத்தின் நகலைக் கையில் வைத்திருந்தேன். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்கக் கூடாது என்று அது சொல்வது நகராட்சிக்கு மட்டுமல்ல. ‘எந்த நபரும்’ என்றே ஆரம்பிக்கிறது ஏழாவது பிரிவு. நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலைக்கு வைக்கக் கூடாது. முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

“நாம எங்க சார் இறக்கினோம்? மேஸ்திரி அனுப்பினான்” என்றார் ஒருவர். “அப்புறம் அவங்க பொழைப்பு?” என்றார் இன்னொருவர். லாரிக்காரரிடம் விசாரித்தபோது அவரும் ஒரு குண்டு போட்டார். மேல் தண்ணீரைத்தான் குழாய் உறிஞ்சும். வருஷக்கணக்காக எடுக்காமல் விட்டதால் அடியில் மண்டி இறுகிப்போயிருக்கிறது. “ஒரு ஆளை இறக்கிக் கலக்கிவிட்டாத்தான் சார் வரும்.”

அந்தக் கலக்குகிற வேலைதான் கொல்கிறது. இறுகிய மண்டியை அசைத்தால் உள்ளே அடைந்துகிடக்கும் ஹைட்ரஜன் சல்பைடு ஒரேயடியாகக் கிளம்பும். அழுகின முட்டை வாடை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதேதான். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். வாடை போய்விட்டது என்று நினைக்கிறவன் அடுத்த மூச்சில் விழுவான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுவான். செய்தியில் ‘இருவர் பலி’, ‘மூவர் பலி’ என்று படிக்கிறோமே, கணக்கு அப்படித்தான் ஏறுகிறது.

இதையெல்லாம் நிதானமாகச் சொல்லியிருக்கலாம். நான் கத்தினேன். ‘அவங்க பொழைப்பு’ என்று கேட்டவர், ஓய்வுபெற்ற மனிதர், என் அப்பா வயது. “நீங்க இறங்குவீங்களா?” என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “நீங்க பாஸ் பண்ணின வவுச்சர்தானே சார்” என்றார்.

காந்தி தன் சுயசரிதையில் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். டர்பன் வீட்டில், 1898 வாக்கில். விருந்தினர்களின் கழிவுச் சட்டிகளை வீட்டுக்காரர்களே எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது அவர் கட்டளை. பஞ்சமர் வீட்டில் பிறந்து கிறிஸ்தவரான குமாஸ்தா ஒருவரின் சட்டியைக் கஸ்தூரிபா கண்ணீரோடு எடுத்துவருகிறார். எடுத்தால் போதாது, சந்தோஷமாக எடுக்க வேண்டும் என்கிறார் கணவர். வார்த்தை முற்றி, மனைவியின் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப்போய்விடுகிறார். கஸ்தூரிபா கேட்ட கேள்வியில்தான் அவருக்கு வெட்கம் வந்தது. கொள்கை நூற்றுக்கு நூறு சரிதான். கை யாருடைய கை? நல்ல காரியத்தில் இறங்குகிறவனுக்கு இந்தத் திமிர் எப்போது தொற்றிக்கொள்கிறது என்று அவனுக்கே தெரிவதில்லை. எனக்குத் தொற்ற ஒரே ஒரு கூட்டம் போதுமானதாக இருந்தது.

மறுநாள் பெரியவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் காபி கொடுத்தார். கடைசியில் வழி சொன்னதும் அவர்தான். அதிக அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சி, வெளியில் நின்றே மண்டியைக் கரைக்கிற வண்டி இருக்கிறது. அதை வரவழைக்கலாம். அதன்பின் இறுகவிடாமல் குறித்த காலத்தில் லாரியைக் கூப்பிடலாம். அதற்கு வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் கூடுதல். தீர்மானம் நிறைவேற மூன்று கூட்டம் ஆயிற்று. குழாய் தன் வாசல் வழியாகப் போகக் கூடாது என்று ஒரு வீடு அடம்பிடித்தது. இரண்டு வீட்டுக்காரர்கள் இன்றுவரை லிஃப்ட்டில் என்னைப் பார்த்தால் செல்போனைப் பார்க்கிறார்கள்.

உங்களில் சிலர் கேட்கலாம். 24 வீட்டில் 50 ரூபாய் ஏற்றியதா பெரிய புரட்சி? அரசாங்கம் செய்ய வேண்டியது, சாதி ஒழிய வேண்டியது, அதெல்லாம்? நியாயமான கேள்வி. சட்டமும் தீர்ப்பும் இல்லாவிட்டால் அந்தக் கூட்டத்தில் என் கையில் காகிதமே இருந்திருக்காது. அதற்காக யார் யாரோ வருடக்கணக்கில் படி ஏறியிருக்கிறார்கள். 2023 அக்டோபரில் அந்த 10 லட்சத்தை உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. செத்த பிறகு தருகிற தொகை உயர்ந்தது என்றால், சாவு நிற்கவில்லை என்றுதானே அர்த்தம்? டெல்லியில் எழுதிய தீர்ப்பு எங்கள் கட்டடத்தின் பின்பக்கம் மூடிக்கிடக்கும் சிமென்ட் பலகை வரைக்கும் வந்துசேர, யாராவது அதைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது.

அந்த இரண்டு பேரையும் தேடினேன். வவுச்சரில் பெயர் இல்லை. ‘2 ஆள்’ என்றுதான் இருந்தது. மேஸ்திரியிடம் கேட்டேன். “அவனுங்க வேற பக்கம் போயிட்டானுங்க சார். இன்னும் ஏதாவது வேலை இருக்கா?” என்றார்.

போன மாதம், அந்தப் பெண் நோட்டீஸோடு வீட்டுக்கு வந்தாள். இப்போது டீச்சராகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம், அவசியம் வரணும் என்றாள். எந்தத் தலைப்பில் பேச வேண்டும் என்று கேட்டேன்.

“பேசறதுக்கு ஆள் இருக்காங்க சார். மாடிக்கு நாப்பது நாற்காலி ஏத்தணும். நாலு மணிக்கு வர முடியுமா?”

போனேன். இருபது நாற்காலி வரை நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். லாரி வரும் என்று அன்றைக்குச் சொன்னது பொய்யம்மா என்று, இடையில் மூச்சு வாங்க நின்றபோது சொன்னேன்.

“தெரியும் சார்” என்றாள். “பின்பக்கத் தெருவுலதான் எங்க வீடு. மாடியிலேர்ந்து பார்த்தா உங்க டேங்க் தெரியும்.”