கண்ணாடி முன் கண்ணீர்

ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் ஒரு தகப்பனார், மனைவியை அடக்கம் செய்த பத்தாம் நாளே வேலைக்குப் போனார். "ஆம்பிள அழலாமா?" என்று உடன் வேலை செய்வோர் சொன்னதைக் கேட்டு, துக்கத்தை உள்ளே பூட்டினார். அது கோபமாக வெளிவந்தது. கத்தி பட்டையைக் கடந்து தடியில் காயம் வைத்தது. கடுஞ்சொல் பிள்ளைகள் நெஞ்சில் காயம் வைத்தது.

ஒரு ஞாயிறு உச்சிப்படிப்பு முடிந்து, நிழல்தாங்கலில் தலைப்பாகையோடு கண்ணாடி முன் நின்றார். அங்கே சிலை இல்லை. தம் வாடிய முகத்தையே கண்டார். அடக்கிய அழுகை உடைந்தது. பணிவிடைக்காரர் தடுக்கவில்லை. நாமமிட்டு, "அழுதிரும், அய்யா உண்டு" என்றார். அன்றிரவு அவர் பிள்ளைகளோடு இருந்து, தாயை நினைத்துச் சேர்ந்து அழுதார்.

தாழ்த்தப்பட்ட மக்களைத் தலைப்பாகை கட்டித் தலைநிமிரச் செய்தார் அய்யா வைகுண்டர். தலை நிமிர்வது வேறு, மனதை மறைப்பது வேறு. மறைத்த துக்கம் பிறரைச் சுடும். சொன்ன துக்கம் ஆறும். வேலையிடத்தில் வாடிய முகத்தைக் கண்டால், "என்ன வருத்தம்?" என்று கேளுங்கள். பொறுமையாகக் கேட்டிருப்பதும் தர்மமே. துயரப்பட்டவரைத் தாங்கும் இடமெல்லாம் அய்யாவின் தாங்கலே.

அய்யா உண்டு.