இஸ்மாயில் என்று பெயரிட்டால் போதுமா?

திருச்சி பாலக்கரைக் கடைத்தெருவில் நின்று "இஸ்மாயில்!" என்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். நபிமார் பெயர் என்ற பரக்கத்தை நாடி நம் வீடுகளில் ஆசையோடு சூட்டும் பெயர் அது. அதன் பொருளைக் கேட்டால்தான் நம்மில் பலரும் மௌனமாகி விடுகிறோம்.

பிறப்பால் அது எபிரேயச் சொல். அம்மொழியில் 'யிஷ்மா' என்றால் கேட்கிறான். 'ஏல்' என்றால் இறைவன். 'இறைவன் செவியேற்கிறான்' என்பதே பொருள். ஹாஜரா அம்மையாரின் துயரை இறைவன் கேட்டதால் பிள்ளைக்கு இப்பெயர் வந்தது என்று பைபிளின் ஆதியாகமம் 16ஆம் அத்தியாயம் கூறுகிறது. அரபியில் 'ஸமிஅ' என்பதும் அதே வேரின் கிளையே. முதுமையில் இஸ்மாயிலையும் இஸ்ஹாக்கையும் தந்த நாயனைப் புகழ்ந்த நபி இப்ராஹீம் (அலை) அவர்கள், அவன் துஆவைச் செவியேற்பவன் என்றே போற்றியதைத் திருமறையின் 14ஆம் ஸூரா, 39ஆம் வசனத்தில் காண்கிறோம்.

ஐவேளை ஃபர்ளின் 17 ரக்அத்துகளிலும், ருகூவிலிருந்து நிமிரும்போதெல்லாம் 'ஸமிஅல்லாஹு' என்கிறோம். அல்லாஹ் கேட்கிறான், சரி. நாம் கேட்கிறோமா?

மனைவி ஒரு குறை சொல்ல வந்தால் பாதியிலேயே வாயடைக்கிறோம். ஆனால் தம் கணவரைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வாதிட்ட ஒரு பெண்மணியின் சொல்லை அல்லாஹ் செவியேற்றான் என்றுதான் 58ஆம் ஸூராவே தொடங்குகிறது. படைத்தவன் கேட்டதைக் கேட்க மறுக்கும் நாம் யார்?

"எல்லார் பேச்சையும் கேட்டால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாகி விடாதா?" என்பர் சிலர். கேட்பது வேறு, ஏற்பது வேறு. இப்லீஸ் அவகாசம் கேட்டபோது அதையும் கேட்டு அவகாசம் தந்தவன் அல்லாஹ். அவன் வழியை அல்லாஹ் ஒப்பினான் என்று யாரேனும் சொல்வாரா?

நாகூரில் 1921இல் பிறந்து 2005இல் மறைந்த நீதியரசர் மு.மு. இஸ்மாயில் அவர்களை எண்ணிப் பார்ப்போம். நெருக்கடி நிலையின்போது, 1976இல் சென்னை மத்தியச் சிறையில் மிசா கைதிகள் தாக்கப்பட்டதை விசாரித்த கமிஷன் அவருடையது. சுவர்களுக்குள் அமுங்கிய முறையீடு அவர் முன் சாட்சியமாயிற்று. ஸ்ரீரங்கம் கோயிலில் தாயார் சன்னதி அருகேயுள்ள மண்டபத்தில்தான் கம்பர் தம் காவியத்தை அரங்கேற்றினார் என்பது மரபு. அந்தக் கம்பனை ஆழ்ந்து கற்று, சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராகவும் விளங்கினார் அவர். பிறர் போற்றும் நூலுக்குச் செவிகொடுத்த அவர் முஸ்லிமாகவே வாழ்ந்தார்.

ஆகவே பெற்றோர்களே, பெயர் வைப்பதோடு நம் கடமை முடிவதில்லை. இஸ்மாயில் என்று மகனை அழைத்துவிட்டு, அவன் பேச வாயெடுத்ததும் "சும்மா இரு" என்று அதட்டினால், பெயரின் பொருளை நாமே பொய்யாக்குகிறோம். வேலைக்காரர் சொல்வதையும், அடுத்த வீட்டார் சொல்வதையும், நமக்குப் பிடிக்காதவர் சொல்வதையும் முழுதாகக் கேட்டபின் தீர்ப்புச் சொல்லப் பழகுவோம். எல்லாம் செவியேற்கும் வல்ல நாயன் அதற்கு நமக்குத் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.