காணாத நிலத்தை வரைதல்

ஒரு நிலத்தை நேரில் காணாத ஒருவர் அதன் மேடுபள்ளங்களை வேறோரிடத்தில் எழுப்பிக் காட்டுவாரானால், அந்தத் தோற்றத்துக்கு எந்த அளவு உண்மை உரியது? அளந்தறிந்த பகுதி எது, ஊகித்து நிரப்பிய பகுதி எது என்பதைப் பார்ப்பவருக்குச் சொல்லும் கடமை அவருக்கு உண்டா? இக்கேள்வியை நாம் ஏட்டுச் சர்ச்சைக்காக எழுப்பவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் கணினியின் முன் அமர்ந்து இரயில் ஓட்டுகிறார்கள். சிமுலேட்டர் என்று அதற்குப் பெயர். அதில் ஓடும் பாதைகளில் பல, உலகில் உள்ள அல்லது ஒரு காலத்தில் இருந்த இருப்புப்பாதைகளின் நகல்கள். அவற்றை அமைப்போருள் பலர் ஊதியம் கருதாது, ஓய்வு நேரத்தில், ஆண்டுக்கணக்கில் உழைப்பவர்கள். அவர்கள் தங்கள் தண்டவாளத்தின் அடியில் விரிக்கும் நிலம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 11 அன்று எண்டெவர் என்னும் அமெரிக்க விண்வெளி ஓடம் ஏவப்பட்டது. பதினொரு நாள்கள் அது பூமியைச் சுற்றி, ராடார் அலைகளை அனுப்பி, அவை மீண்டு வருவதைப் பதிவு செய்தது. ஓடத்தில் ஓர் அலைவாங்கி இருந்தது. ஓடத்திலிருந்து 60 மீட்டர் நீட்டப்பட்ட கம்பத்தின் நுனியில் இன்னொன்று இருந்தது. ஒரே நிலத்தை இரண்டு இடங்களிலிருந்து நோக்கும்போது இரு நோக்குகளுக்கும் இடையே தோன்றும் சிறு வேறுபாட்டைக் கொண்டு உயரத்தைக் கணக்கிடலாம். இந்த உபாயம் வெகு பழையது. பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் அறிஞர் அல்-பீரூனீ, இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனா கோட்டையில் இருந்தபோது, இரண்டு இடங்களில் நின்று மலையுச்சியை நோக்கிக் கோணங்களை அளந்து, அம்மலையின் உயரத்தைக் கண்டார். பிறகு மலைமேல் ஏறி, அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று அளந்து, பூமியின் ஆரத்தையே கணித்தார். அவருக்குக் கிடைத்தது ஒரு மலையின் உயரம். எண்டெவருக்குக் கிடைத்தது வட அட்சம் 60 பாகை முதல் தென் அட்சம் 56 பாகை வரை, உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு.

அந்த அளவுகளை நாஸா நிறுவனம் எவரும் விலையின்றிப் பெறலாம் என்று திறந்துவிட்டது. அமெரிக்காவுக்கு வெளியே முதலில் 90 மீட்டருக்கு ஓர் உயரப் புள்ளி என்னும் கணக்கிலும், 2014 முதல் 30 மீட்டருக்கு ஒன்று என்னும் கணக்கிலும் அவை கிடைத்தன. அறிவைப் பூட்டி வைக்காமல் பொதுவில் வைத்த இச்செயலைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஓர் எளிய மனிதர் தம் வீட்டு அறையில் இமயத்தின் சரிவையும் ஆண்டிஸின் முகட்டையும் எழுப்பிப் பார்க்க வழி பிறந்தது இதனால்தான்.

இனி ஓர் உதாரணம். இங்கிலாந்தின் வடபகுதியில் ஸெட்டில் என்னும் ஊரையும் கார்லைல் நகரையும் இணைக்கும் பாதை 1876-இல் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 116 கிலோமீட்டர். மிட்லண்ட் இரயில்வே என்னும் கம்பெனி அதைக் கட்டியது. மலைநாட்டின் ஊடே செல்லும் அப்பாதையில் நூறு அடிக்கு ஓர் அடி என்னும் விகிதத்துக்கு மேல் ஏற்றம் வராதபடி பொறியாளர்கள் பார்த்துக்கொண்டார்கள். அதற்காகக் குன்றுகளைப் பிளந்தார்கள், பள்ளங்களை நிரப்பினார்கள், ரிப்பிள்ஹெட் என்னுமிடத்தில் 24 வளைவுகளுடன் ஏறத்தாழ 32 மீட்டர் உயரத்துக்குக் கற்பாலம் எழுப்பினார்கள், ப்ளீ மூர் குன்றின் அடியில் 2,400 மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் குடைந்தார்கள். அவ்வேலையில் கூடாரங்களிலும் குடிசைகளிலும் தங்கியிருந்த தொழிலாளர்களும் அவர்தம் குழந்தைகளும் விபத்திலும் நோயிலும் மாண்டனர்; அருகிலுள்ள சிறு ஆலயத்தின் மயானத்தில் அவர்களுள் பலர் அடங்கியுள்ளனர். 2001-ஆம் ஆண்டு மைக்ரோஸாஃப்ட் கம்பெனி வெளியிட்ட இரயில் சிமுலேட்டரில் இடம்பெற்ற பாதைகளுள் இதுவும் ஒன்று.

விண்ணிலிருந்து எடுத்த அளவுகளை மட்டும் நம்பி இப்பாதையை ஒருவர் அமைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ரிப்பிள்ஹெட் பாலம் அவருக்குத் தெரியாது. 90 மீட்டர் வலைக்கண்ணில் அத்தனை குறுகிய பொருள் சிக்காது. பிளந்த குன்றும் நிரப்பிய மேடும் தெரியா. மரங்கள் அடர்ந்த இடத்தில் அலை மண்ணைத் தொடாமல் இலைகளிடையே பட்டுத் திரும்பியிருக்கும். ஆகவே காடு மேடாகத் தோன்றும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்த உயரங்கள் முழு மீட்டர் எண்களாகவே பதிவாகியுள்ளன. நூற்றுக்கு ஒன்று என்னும் ஏற்றத்தில் 90 மீட்டர் சென்றால் 90 சென்டிமீட்டர்தான் உயர்வோம். இரயில் ஓட்டுநருக்கு உயிரான ஏற்றம், அளவுகோலின் ஒரு கோட்டுக்கும் குறைவு! எண்களை அப்படியே பின்பற்றினால் வண்டி அலைமேல் படகுபோல் ஏறியிறங்கும்.

ஆகவே அமைப்பாளர் கைவைத்தே ஆகவேண்டும். இரயில்வேயார் வரைந்த ஏற்ற இறக்கப் படங்களைத் தேடியெடுத்து, நிலப்படங்களையும் புகைப்படங்களையும் ஒப்புநோக்கி, விண்ணளவு தந்த நிலத்தை வெட்டியும் நிரப்பியும் சீர்செய்கிறார். 1870-களில் மண்வெட்டி செய்த வேலையை விரலால் மறுபடி செய்கிறார் எனலாம். இந்தத் திருத்தம் உண்மைக்கு மாறானதா? அன்று. அளவைப் புறக்கணித்துப் பொருளுக்கு நெருங்கி வருகிறார். அளவு என்பது பொருளைப் பற்றிய ஒரு சாட்சி. அதைவிட நெருங்கி நின்ற சாட்சி கிடைத்தால் அதையே ஏற்க வேண்டும். இதுவரை நமக்குச் சிக்கல் இல்லை.

எந்தச் சாட்சியும் இல்லாத இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. செங்குத்துச் சரிவுகளின் மறைவிலும் நீர்ப்பரப்புகளிலும் ராடார் அலை சரியாகத் திரும்பவில்லை. அந்த இடங்களுக்கு நாஸா முதலில் வெளியிட்ட கோப்புகளில் கழித்தல் 32,768 என்ற எண் இடப்பட்டிருந்தது. எந்த நிலத்துக்கும் பொருந்தாத எண் அது. ‘இங்கே அளவு இல்லை’ என்பதற்கு அடையாளம். அரபுச் சுவடிகளோடு பழகியவர்களுக்கு இது உடனே விளங்கும். நகல் எழுதும் காதிப், மூலத்தில் எழுத்து அழிந்த இடம் வந்தால் அங்கே வெற்றிடம் விட்டு, ‘மூலத்தில் பயாழ்’ என்று குறிப்பார். பயாழ் என்றால் வெண்மை. மூலத்தில் உள்ள சொல் பிழையென்று பட்டால் அதைத் தாமாக மாற்றாமல், மேலே ‘கதா’ என்று எழுதுவார். ‘இப்படித்தான் இருக்கிறது’ என்பது பொருள். தமக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துக் காட்டும் இந்த அமானிதத்தை நம்பியே பின்வந்தோர் அச்சுவடிகளை ஓத முடிந்தது.

ஆனால் ஏட்டில் வெண்மை விடலாம். நிலத்தில் விடுவது எப்படி? கழித்தல் 32,768 என்பதை உயரம் என்று கணினி எடுத்துக்கொண்டால் அங்கே அடிகாணாப் பாதாளம் விழும். இரயில் போக நிலம் வேண்டும். நிலத்துக்கு ஏதேனும் ஓர் உயரம் வேண்டும். எனவே அக்கம்பக்கத்து உயரங்களிலிருந்து கணக்கிட்டோ, வேறு செயற்கைக்கோள்களின் அளவுகளைக் கொண்டோ வெற்றிடங்கள் நிரப்பப்பட்டன. நாஸா பின்னர் வெளியிட்ட நிரப்பிய பதிப்பில், ஒவ்வொரு புள்ளியின் உயரமும் எந்த மூலத்திலிருந்து வந்தது என்று காட்டும் துணைக்கோப்பும் தனியே உண்டு. ராவியின் பெயரைச் சொல்லாமல் செய்தி சொல்லக்கூடாது என்ற பழைய ஒழுக்கம், தன்னை அறியாமலே இங்கே தலைகாட்டுவது நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

வெற்றிடம் அபூர்வம்தானே என்று கருதுவோர் ஒரு கணக்கைப் பார்க்கட்டும். 2001-இன் அந்தச் சிமுலேட்டரில் நிலம் 2,048 மீட்டர் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டு, 8 மீட்டருக்கு ஓர் உயரம் வீதம் சதுரத்துக்கு 65,536 உயரங்கள் கொண்டது. 90 மீட்டர் அளவிலிருந்து அச்சதுரத்துக்குக் கிடைக்கும் உயரங்கள் ஆயிரத்தைக்கூட எட்டா. எஞ்சிய அறுபத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை இடைக்கணக்குகள். அப்படியானால் கண்முன் விரியும் மலையில் பெரும்பகுதி, கண்டவர் எவரும் இல்லாத மலை. நிரப்பலாமா கூடாதா என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நிரப்பி முடிந்துவிட்டது!

‘விளையாட்டுக்கு ஏன் இத்தனை விசாரணை?’ என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. விளையாட்டு என்று அறிந்து ஆடுகிறவரை யாரும் ஏமாற்றவில்லை. ஸெட்டில் பாதையை மூடிவிட 1980-களில் முயற்சி நடந்து, மக்கள் எதிர்ப்பால் 1989-இல் அது காக்கப்பட்டது. இன்றும் அங்கே வண்டி ஓடுகிறது. ஐயமுள்ளவர் சீட்டு வாங்கி ஏறிப் பார்த்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் 2015 முதல் விமானத்திலிருந்து லேசர் ஒளியால் எடுத்த நுண்ணளவுகளும் பொதுவில் கிடைப்பதால், மரங்களைக் கழித்து மண்ணைமட்டும் காணவும் வழியுண்டு. மூலம் உயிரோடிருக்கும்போது நகலின் குறை பெரும் தீங்கு செய்யாது.

மூலம் அழிந்துபோன இடத்தை எண்ணிப் பாருங்கள். தொலைவுக்குப் போக வேண்டாம். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பாதையை 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் அழித்தது. அன்றிரவு சென்ற பயணி வண்டி, அதில் இருந்தவர்களோடு கடலில் போயிற்று. பாதை மீண்டும் போடப்படவில்லை. இராமநாதபுரம் கடற்கரையோரத்து மூத்த தலைமுறையினர் தலைமன்னார்க் கப்பலேற இறங்கிய துறை அது. அப்பாதையைச் சிமுலேட்டரில் ஒருவர் எழுப்ப விரும்பினால், அவருக்குக் கிடைக்கும் விண்ணளவு 2000-ஆம் ஆண்டினது; புயலுக்கு 35 ஆண்டுகள் பிந்தியது. கடலும் காற்றும் அந்த மணலை இடையில் எத்தனை முறை மாற்றியிருக்கும்! மேலும் அந்த அளவில் சில மீட்டர் பிழை இயல்பு. தனுஷ்கோடி மணல்திட்டிலோ, நிலத்தின் முழு உயரமே அந்தப் பிழைக்குள் பெரிதும் அடங்கிவிடும்.

அத்தகைய நகலைப் பின்னொருவர் எடுத்து, அதன்மேல் தம் வேலையைச் சேர்த்து, இன்னொருவரிடம் கொடுப்பார். முதல்வர் உடன்வைத்த குறிப்பு இரண்டாம் கையிலோ மூன்றாம் கையிலோ உதிர்ந்துவிடும். இருபது ஆண்டு கழித்து ஒரு பிள்ளை, ‘தனுஷ்கோடி நிலையம் இப்படித்தான் இருந்தது’ என்று சொல்லும். மறுக்க ஆளிராது.

இதனால் அப்பாதையை எழுப்பவே கூடாது என்று நாம் கூறமாட்டோம். மறதியைவிடக் குறையுள்ள நினைவு மேல். ஆயினும் அமைப்பாளருக்கு ஒன்று சொல்வோம். தெரியாத இடத்துக்கு உயரம் கொடுங்கள்; அது தவிர்க்க முடியாதது. அலங்காரம் கொடுக்காதீர்கள். அறியாத இடத்தில் ஒரு குடிசையும், குடிசையில் ஒரு விளக்கும், வாசலில் ஒரு பனையும் வைப்பதுதான் பொய்ச்சாட்சி. அங்கே வெறும் மணல் இருக்கட்டும். அதுவே நிலத்தில் விடக்கூடிய பயாழ். அந்த டிசம்பர் இரவை ஓட்டிப் பார்க்கும் ஆட்டமாக ஆக்குவதையும் நாம் விரும்பவில்லை. அதற்கு முந்திய ஏதோவொரு பகலில், கப்பல் பயணிகளோடு அந்த வண்டி துறையை நோக்கிச் செல்லட்டும்.

வேலையைத் தொடங்குமுன் புயலுக்கு முந்திய நில அளவைப் படங்களைத் தேட வேண்டும். இரயில்வேயாரின் பழைய பதிவுகளைத் தேட வேண்டும். அத்துடன் அந்த மேடையில் இறங்கி நடந்தவர்களிடம், கடல் எந்தப் பக்கம் தெரிந்தது, கப்பல்துறைக்கு எவ்வளவு நேரம் நடந்தீர்கள் என்று கேட்டு, சொன்னவர் பெயரோடு எழுதிக்கொள்ள வேண்டும். அவர்களுள் மிக இளையவருக்கும் இன்று அறுபத்தைந்து கடந்திருக்கும்.