காட்டும் உபகாரமும் காணும் உபகாரமும்

புகழ்பெற்ற திரைப்பட இயக்குநர் ஒருவரை நாடி வருவோரில் இரு வகையினர் உண்டு. அவருடைய படங்களில் தோய்ந்து, ஒருமுறை நேரில் கண்டு நன்றி சொன்னாலே போதும் என்று எண்ணும் ரசிகர்கள் ஒரு வகையினர். தம்மிடம் ஒரு கதை இருக்கிறது, அதை அவர் காதுகொடுத்துக் கேட்டுவிட்டால் தம் வாழ்வுக்கு வழி பிறக்கும் என்று நம்பும் இளம் கதைசொல்லிகள் மற்றொரு வகையினர். பெரும்பாலும் இவ்விரு வகையும் ஒரே மனிதருக்குள் கலந்தே இருக்கின்றன. கடிதம் எழுதுபவரும், அலுவலக வாசலில் காத்திருப்பவரும், படப்பிடிப்புத் தளத்தின் ஓரத்தில் நின்று பார்ப்பவரும் வெளிப்படையாகக் கேட்பது ஒரு கையொப்பமாகவோ உதவி இயக்குநர் வேலையாகவோ இருக்கலாம். ஆயினும் அதன் அடியில் கிடப்பது, கதை சொல்லும் தகுதி தமக்கு உண்டா என்னும் கேள்வியே. தகுதி என்பது ஒருவர் மற்றொருவருக்கு வழங்கக்கூடிய ஒன்றா, அல்லது முன்னரே உள்ளதை உணர்த்துவது மட்டுமே பிறரால் இயலுமா என்பது மெய்யியல் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் சிக்கல். நாடி வருவோரின் ஏக்கத்தையும், அதன் முன் இயக்குநருக்குள்ள கடமையையும் சரியாக மதிப்பிட வேண்டுமானால் இச்சிக்கலிலிருந்தே தொடங்க வேண்டும்.

தமிழ் மெய்யியலில் இதற்கு மிகத் தெளிவான விடை தருவது சைவ சித்தாந்தம். 13ஆம் நூற்றாண்டினரான மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 நூற்பாக்களால் ஆனது. அதன் 8ஆம் நூற்பா, ஐம்புலன்கள் என்னும் வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்த உயிருக்கு, இறைவனே குருவாக வந்து அதன் இயல்பை உணர்த்துகிறான் என்கிறது. வேடர் குடியில் வளர்ந்து தன்னையும் வேடன் என்றே நம்பியிருந்த அரசகுமாரனிடம் அவன் பிறப்பை ஒருவர் எடுத்துச் சொல்வதை உரையாசிரியர்கள் இதற்கு விளக்கமாகக் காட்டுவர். சொல்பவர் அவனுக்கு அரசத் தன்மையைப் புதிதாக உண்டாக்குவதில்லை. அவனிடம் இருந்து அவனே அறியாததை அறியச் செய்கிறார். அந்த உணர்த்துதலும் எவருக்கும் எந்நேரமும் நிகழ்வதன்று. சரியை, கிரியை, யோகம் எனப்படும் தொண்டும் வழிபாடும் அகப்பயிற்சியும் முன்பே நிகழ்ந்திருக்க, அறியாமைக்குக் காரணமான ஆணவ மலம் தன் ஆற்றல் குன்றும் பக்குவமாகிய மலபரிபாகம் வாய்த்தபோதே, அருள் உயிரில் பதிவதாகிய சத்திநிபாதம் நிகழ்கிறது. இயக்குநர் இறைவன் அல்லர், கலை வீடுபேறும் அன்று என்பதை மறவாமல் நோக்கினாலும், உழைப்பால் கனிந்த ஒருவருக்கே பிறர் சொல் பயன்படும் என்னும் இவ்வுண்மை கலைக்கும் பொருந்துகிறது.

1949ஆம் ஆண்டு கல்கத்தாவில் நிகழ்ந்த ஒரு சந்திப்பு இதற்குச் சிறந்த சான்றாகும். ரூமர் காடனின் நாவலை 'தி ரிவர்' என்னும் வண்ணப்படமாக எடுப்பதற்கு இடம் பார்க்க வந்திருந்த பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவாரை, விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராகப் பணியாற்றிக்கொண்டிருந்த சத்யஜித் ராய் அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே தேடிச் சென்று கண்டார். அப்போது ராய் முப்பது வயதை எட்டாத இளைஞர். அதுவரை ஒரு படமும் எடுத்ததில்லை. ஆனால் அவர் வெறுங்கையோடு சென்றவர் அல்லர். 1947இல் நண்பர்களோடு கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். படமாக வரப்போவதாக அறிவிக்கப்படும் கதைகளுக்குத் தாமே திரைக்கதை எழுதி, படம் வெளிவந்ததும் அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார். விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் 'பதேர் பாஞ்சாலி'யினுடைய சிறுவர் பதிப்புக்குப் படம் வரைந்தபோதே அக்கதையின் காட்சிகளை மனத்தில் வகுக்கத் தொடங்கியிருந்தார். ஓய்வு நாள்களில் ரெனுவாரோடு வங்காளக் கிராமப்புறங்களில் இடம் தேடி அலைந்த அவர், தாம் எடுக்க விரும்பிய அந்தப் படத்தைப் பற்றியும் சொல்ல, ரெனுவார் அவரை ஊக்கப்படுத்தினார். ஹாலிவுட்டின் பழக்கங்களை உதறிவிட்டுத் தமக்கென ஒரு நடையை இந்நாட்டுப் படைப்பாளிகள் கண்டடைய வேண்டும் என்றும் எடுத்துரைத்தார். அவர் பணம் கொடுக்கவில்லை, வேலை கொடுக்கவில்லை, பரிந்துரைக் கடிதமும் கொடுக்கவில்லை. ராய் அடகுக்கும் கடனுக்கும் இடையே படமெடுத்து, இறுதியில் மேற்கு வங்க அரசின் நிதியால் அதை முடித்து வெளியிட 1955 வரை ஆயிற்று. ரெனுவாரின் சொல் அந்த ஆண்டுகளின் உழைப்பைக் குறைத்துவிடவில்லை. அவ்வுழைப்பு வீண்போகாது என்னும் நம்பிக்கையை மட்டும் தந்தது.

அதே படப்பிடிப்பை நாடிச் சென்ற மற்றொரு இளைஞரின் வரலாறு இன்னும் ஆழமானது. சுப்ரதோ மித்ரா 'தி ரிவர்' படத்தில் ஒளிப்பதிவு உதவியாளராகச் சேர விரும்பினார்; அந்த வாய்ப்பு மறுக்கப்பட்டது. எனினும் தளத்தில் நின்று பார்க்க அவருக்கு இசைவு கிடைத்தது. அவர் ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, எந்த விளக்கு எங்கே நின்றது, கேமரா எவ்வழியே நகர்ந்தது, நடிகர் எங்கிருந்து எங்கே நடந்தார் என்பதைப் படம் வரைந்து குறித்துவந்தார்; கண்டவற்றை ராயிடமும் விவரித்துவந்தார். திரைப்படக் கேமராவை அதற்குமுன் இயக்கியே அறியாத அவர், தம் 21ஆம் வயதில் 'பதேர் பாஞ்சாலி'யின் ஒளிப்பதிவாளரானார். அடுத்து வந்த 'அபராஜிதோ'வில், காசி வீட்டு முற்றத்தில் மேலிருந்து கசியும் பகல் வெளிச்சத்தை அரங்கத்துக்குள் உண்டாக்குவதற்காக, வெள்ளைத் துணியை மேலே விரித்துக் கட்டி, விளக்கொளியை அதன்மேல் பாய்ச்சி, அது திரும்பி மென்மையாக இறங்குமாறு செய்தார். மறுக்கப்பட்ட நிலையிலும் அவர் கற்றுக்கொண்டது, அவருடைய நாட்டம் முழுவதும் பெரியவரின் முகத்தின்மேல் இல்லாமல் அவர் செய்த வேலையின்மேல் இருந்தமையால்தான்.

நாட்டம் வேலையை விட்டு ஆளின்மேல் மட்டுமே நிலைகொள்ளும்போது நேர்வதை, ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமி 1990இல் எடுத்த 'குளோஸ்-அப்' காட்டுகிறது. தெஹ்ரானில் வறுமையில் வாழ்ந்த ரசிகர் ஒருவர், தாமே புகழ்பெற்ற இயக்குநர் மொஹ்சென் மக்மல்பஃப் என்று ஒரு குடும்பத்தை நம்பவைத்து, அவர்கள் வீட்டிலேயே படம் எடுக்கப்போவதாகச் சொல்லி, பின்னர் கைதானார். உண்மையாக நடந்த இந்நிகழ்வைச் சம்பந்தப்பட்டவர்களையே நடிக்கவைத்துக் கியரோஸ்தமி படமாக்கினார். எவரும் பொருட்படுத்தாத தமக்கு, இயக்குநர் என்ற பெயரில் இருந்த சில நாள்கள் மதிப்பைத் தந்தன என்பதே நீதிமன்றத்தில் அந்த ரசிகர் சொன்னதன் சாரம். அவருடைய கலைப் பற்றில் பொய் இல்லை. துயரத்தைக் கண்ணியத்தோடு காட்டிய படங்களை அவர் உளமார நேசித்தார். ஆனால் தகுதி என்பது மற்றொருவரிடம் இருக்கும் பொருள் என்றும், அதைப் பெறுவதற்கு அவராகவே மாறிவிடுவதே வழி என்றும் அவர் கருதியதுதான் பிழை. ஆளை வழிபடும் எந்த ரசிகருக்குள்ளும் இப்பிழையின் விதை உண்டு என்பதால், அவரை இகழ்வதற்கு எவருக்கும் உரிமையில்லை.

இதனால்தான் அணுகும் முறையைப் பற்றித் தமிழ் இலக்கண மரபு அக்கறையோடு பேசுகிறது. பவணந்தியாரின் நன்னூல் தன் பாயிரத்தில், குளிர் காய்பவர் நெருப்புக்கு மிக அருகிலும் செல்லாமல் மிக விலகியும் போகாமல் இருப்பதுபோல மாணாக்கர் ஆசிரியரிடம் நடந்துகொள்ள வேண்டும் என்கிறது. கற்பித்ததை மட்டுமே திருப்பிச் சொல்லும் கிளியை இடைநிலை மாணாக்கருக்கு உவமையாக்குகிறது. மிக நெருங்கியவர் ஆசிரியரின் நடையைப் படியெடுப்பவராகிவிடுகிறார். மிக விலகியவருக்குக் கற்பதற்கே வழியில்லை. ஹாலிவுட்டை உதறச் சொன்ன ரெனுவாரின் அறிவுரையும், சொல்லப்போனால், கிளியாக இருந்துவிடாதே என்பதுதான்.

இனி, நாடப்படுபவரின் கடமையைக் கருதலாம். வரும் கதைகளையெல்லாம் கேட்பது ஒருவரால் ஆகாது. கேட்பதில் சட்டச் சிக்கலும் உண்டு. ஆர்.ஜி. ஆனந்த் என்னும் நாடக ஆசிரியர் 'ஹம் ஹிந்துஸ்தானி' என்னும் தம் நாடகத்தை இயக்குநர் ஒருவருக்கு முழுமையாகப் படித்துக்காட்டினார். 1956இல் அவ்வியக்குநரின் 'நியூ டெல்லி' வெளிவந்தபோது, அது தம் நாடகத்தின் நகல் என்று வழக்குத் தொடுத்தார். 1978இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கருத்துக்கும் கருப்பொருளுக்கும் பதிப்புரிமை இல்லை, அவை வெளிப்படுத்தப்பட்ட வடிவத்துக்கே உண்டு என்று விளக்கி, வேறுபாடுகள் மிகுதியாக இருப்பதால் உரிமை மீறப்படவில்லை என்றது. இந்நெறியால் கதை சொல்பவருக்குத் தம் கரு பறிபோகுமோ என்ற அச்சமும், கேட்பவருக்கு வீண்பழி வருமோ என்ற அச்சமும் ஒருங்கே நிலைத்துவிட்டன. சட்டம் சொற்களையும் வடிவத்தையும் காக்கும். நம்பிச் சொன்ன ஒருவருக்கும் கேட்ட ஒருவருக்கும் இடையே உண்டாகும் பொறுப்பைக் காப்பது அறத்தின் வேலை. செருமானிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ட், எந்நிலையிலும் மீறக்கூடாத கடமைகளையும், எவருக்கு எவ்வளவு என்பது செய்பவரின் முடிவுக்கு விடப்பட்ட கடமைகளையும் வேறுபடுத்துகிறார். கேட்ட கதையை எடுத்துக்கொள்ளாமலும், வந்தவரைச் சிறுமைப்படுத்தாமலும், பொய்யான நம்பிக்கை ஊட்டாமலும் இருப்பது முதல்வகைக் கடமை. நேரம் ஒதுக்கிக் கவனிப்பது இரண்டாம் வகை. இரண்டாம் வகையில் எவ்வளவு செய்வது என்பதில் நெகிழ்வு உண்டு. அறவே செய்யாமல் இருப்பதற்கு அது இடந்தராது. பிற்காலத்தில் உலகப்புகழ் பெற்ற ராய், கல்கத்தா பிஷப் லெஃப்ராய் சாலை வீட்டில் தாமே கதவைத் திறப்பவராகவும், தொலைபேசியைத் தாமே எடுப்பவராகவும், வந்த கடிதங்களுக்குத் தம் கைப்பட மறுமொழி எழுதுபவராகவும் அறியப்பட்டார். தாம் பெற்ற கவனத்தைப் பிறருக்குக் கொடுப்பதே அதனால் பட்ட கடனை அடைக்கும் வழி.

அக்கவனத்தின் இயல்பு என்ன என்பதற்குச் சிவஞானபோதத்தின் 11ஆம் நூற்பா துணைசெய்கிறது. கண் ஒரு பொருளைக் காண வேண்டுமானால் உயிர் அதற்குக் காட்டினால் மட்டும் போதாது, உடன்நின்று தானும் காண வேண்டும். அதுபோல இறைவன் உயிருக்குக் காட்டியும் கண்டும் உதவுகிறான் என்பது அதன் கருத்து. இவை காட்டும் உபகாரம், காணும் உபகாரம் எனப்படும். ஒரு கதையின் குறையைச் சுட்டுவது காட்டுதல் என்றால், அக்கதையை அதன் ஆசிரியர் காண விரும்பிய வகையில் சிறிது நேரம் உடனிருந்து காண்பது காணுதல். இரண்டாவது இல்லாதபோது முதலாவது தீர்ப்பாக மட்டுமே நின்றுவிடும்.

ஆகவே, மறுமொழி வராத கடிதமும் திறக்காத கதவும் ஒருவருடைய தகுதியைப் பற்றி எதையும் மெய்ப்பிப்பதில்லை. பாராட்டு கிடைத்தாலும் அது உழைப்பின் இடத்தை நிரப்புவதில்லை. கதைசொல்லி நாட வேண்டியவரும் ஒரே ஒருவர் அல்லர். குருவருள் பெற்ற உயிரும் அடியார் கூட்டத்தோடு இணங்கியிருக்க வேண்டும் என்பதே சிவஞானபோதத்தின் இறுதி நூற்பா வகுக்கும் நெறி. 'தி ரிவர்' படத்தில் கலை இயக்கப் பிரிவில் பணியாற்றிய பன்சி சந்திரகுப்தாவும், ஓரமாக நின்று குறிப்பெடுத்த மித்ராவும், விடுமுறை நாள்களில் வந்துபோன ராயும், ரெனுவார் நாடு திரும்பிய பின் ஒருவருக்கொருவர் காட்டியும் உடன் கண்டும் துணைநின்றே 'பதேர் பாஞ்சாலி'யை உருவாக்கினார்கள். பெரியவர் ஒருவரின் வாசலில் காத்திருக்கும் இளைஞர், அதே வாசலில் தம்மோடு காத்திருப்பவரிடம் தம் கதையைச் சொல்லத் தொடங்குவாரானால், அவர் தேடிவந்த உதவியின் பெரும்பகுதி அங்கேயே கிடைக்கத் தொடங்கும்.