சுண்ணாம்பு பூசிய வீடு

உருசியக் கிராமப் புதினங்களைப் பயில்வோர், அடுப்பும் தேநீர் கொதிக்கும் சமோவாரும் பூந்தொட்டியும் அங்கே மாந்தர்க்கு நிகராக இடம்பெறக் காண்பர். உயிரற்ற பொருள்மீது கொள்ளும் இப்பற்றினை அன்பு என்பதா, ஆசை என்பதா? பற்றறுத்தலே உயர்வெனக் கேட்டு வளர்ந்தும், மாற்றல் ஆணை வரும்போதெல்லாம் எதைக் கட்டுவது, எதை விடுப்பது எனத் திகைக்கும் நமக்கு இவ்வினா எளிதன்று.

வாலெந்தின் ரஸ்பூத்தின் 1976இல் எழுதி வெளியிட்ட 'மத்யோராவிடம் விடைபெறல்' என்னும் கதையில், அங்காரா ஆற்றின் நடுவேயுள்ள தீவொன்று மின் அணைக்காக மூழ்கவிருக்கிறது. அதற்குமுன் வீடுகளை எரித்தாக வேண்டும். (ஆசிரியரின் சொந்த ஊரும் பிராட்ஸ்க் அணையின் பொருட்டு இடம் பெயர்ந்ததே.) மூதாட்டி தாரியா, தீக்கிரையாகப்போகும் தன் வீட்டுக்குச் சுண்ணாம்பு பூசுகிறாள். சுவரோடு நில்லாது அடுப்பையும் வெளுக்கிறாள். தரையைத் தேய்த்துக் கழுவுகிறாள். சன்னலுக்குத் திரையிட்டு, ஊசியிலை மரக்கிளைகளைக் கொணர்ந்து செருகுகிறாள். இறந்தவரை நீராட்டி உடுத்தாமல் யாரேனும் அனுப்புவரோ என்பது அவள் நியாயம். இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டால் விடையில்லை.

அதே ஊரில் பெத்ரூகா என்பானும் உளன். இழப்பீட்டுப் பணத்தின் பொருட்டுத் தாயும் வாழ்ந்த வீட்டுக்குத் தானே தீயிடுகிறான். வீட்டின்மேல் பற்று அறவே அற்றவன் அவன்தான். ஆயினும் அவனைத் துறவியென்று எவரும் சொல்லார்!

இத்துடன் முடிவு கட்டிவிடலாம் என்றிருந்தேன். 1963இல் 'நோவி மீர்' இதழில் வெளிவந்த சோல்ஷெனிட்சினின் 'மத்ரியோனாவின் வீடு' அதற்கு இடந்தரவில்லை. நள்ளிரவில் புகை சூழ்ந்தபோது மத்ரியோனா வீட்டைக் காக்க முனையவில்லை. தொட்டிச் செடிகள் மூச்சுத் திணறாதிருக்க அவற்றைத் தரையில் சாய்த்தாளாம். தாரியாவின் உடன்பிறப்பு என்றே அவளைக் கூறலாம். ஆனால் கதைசொல்லியின் நிலை வேறு. துன்பக் காலத்தில் தனக்குக் குளிர் போக்கிய பஞ்சுச் சட்டை ஒன்றை அவர் நினைவாகப் போற்றி வைத்திருக்கிறார். வளர்ப்பு மகளுக்கென்று மத்ரியோனா ஒதுக்கிய அறையை, அவள் உயிரோடிருக்கையிலேயே உறவினர் பெயர்த்து வண்டியேற்றுகின்றனர். அதற்கு உதவும் அவசரத்தில் அவள் அச்சட்டையைக் கேளாமல் அணிந்து சேறாக்கிவிடுகிறாள். அவர் சினந்து கடிந்துகொள்கிறார். அவர் போற்றியதும் நன்றியுணர்வினால்தானே? அதில் பேராசை எங்கே இருக்கிறது?

அன்றிரவே இருப்புப்பாதையைக் கடக்குமிடத்தில் அவள் மாண்டுபோகிறாள். அச்சட்டையை அவர் பிறகு எவ்வாறு அணிந்திருப்பார் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.