தேனிலவும் அறமும்: மலையகத்தை முன்வைத்து

திருமணமான புதிதில் கணவனும் மனைவியும் ஊரையும் உறவையும் விட்டு விலகிச் சில நாள் தனித்திருக்கச் செல்வது இன்று தமிழரிடையே பரவிவிட்ட வழக்கம். இலங்கையில் இந்தப் பயணம் மலையையும் கடலையும் ஒரே சுற்றில் இணைக்கிறது. நுவரெலியாவிலோ அட்டனிலோ இரண்டு மூன்று நாள், பிறகு பெந்தோட்டை, வெலிகம, பாசிக்குடா, நிலாவெளி போன்ற கரைகளில் சில நாள் என்பதே பெரும்பாலான ஏற்பாடு. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியா, பிரித்தானிய ஆட்சியினர் வெயிலுக்கு ஒதுங்குவதற்காக உருவாக்கிய நகரம். 1870களில் அங்கே கிரகரி ஏரி அமைந்தது. துரைமாரின் ஹில் கிளப் 1876இல் தோன்றியது. கந்தப்பொளையில் இருந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1990களில் விடுதியாயிற்று. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கிலும் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியும் உள்ள பழைய பங்களாக்கள் 2005 முதல் உயர்தர விடுதிகளாக நடக்கின்றன.

இவ்விடங்களில் இணையர் பணம் கொடுத்துப் பெறுவன மூன்று: அழகான காட்சி, பிறர் கண்படாத தனிமை, தாம் எந்த வேலையும் செய்யாதிருக்கும் ஓய்வு. மூன்றும் காதலுக்கு உதவுவன என்பதில் ஐயமில்லை. ஆனால் சன்னலுக்கு வெளியே தெரியும் பசுமை இயற்கையாக முளைத்த காடு அன்று. கொழுந்து எடுப்பவர்களின் கைபட்டு, தலைமுறை தலைமுறையாகக் கவ்வாத்து வெட்டி ஒரே மட்டத்தில் நிறுத்தப்பட்ட தோட்டம் அது. ஆகவே இந்தப் பயணம் மூன்று கேள்விகளை எழுப்புகிறது. இணையரின் இன்பம் சமய நோக்கில் ஏற்கத்தக்கதா? அந்த இன்பத்தை இடம் தருகிறதா? பிறர் உழைப்பின் நடுவே துய்க்கும் இன்பம் அறத்தோடு பொருந்துமா?

இன்பம் குற்றமா

முதற்கேள்விக்குத் தமிழ் மரபின் விடை தெளிவானது. திருக்குறளின் 133 அதிகாரங்களில் 25 காமத்துப்பாலுக்கு உரியவை. வாழ்வின் உறுதிப்பொருள்களில் ஒன்றாக இன்பத்தை வள்ளுவர் மதித்திருக்கிறார். ஆயினும் அறத்துக்கு 38, பொருளுக்கு 70 என அதிகாரங்களை அமைத்து முடித்த பிறகே இன்பத்துக்கு வருகிறார். அறமும் பொருளும் அடித்தளமாக நிற்க, அவற்றின் மேல் எழுவது இன்பம் என்பதே அந்த வரிசையின் பொருள். சைவமும் காதலைத் தள்ளிவைக்கவில்லை. திருவாரூரில் சுந்தரர்மேல் ஊடல் கொண்ட அவர் மனைவி பரவையாரிடம் சிவபெருமானே தூது நடந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது.

மலையகத் தோட்டங்களில் இந்தக் கேள்வியைப் பாமர மக்களே ஆண்டுதோறும் கூத்தாக நிகழ்த்திப் பார்க்கிறார்கள். மாசி, பங்குனிப் பருவத்தில் கம்பம் நட்டு, தப்பு முழங்க, இரவிரவாக ஆடப்படும் காமன் கூத்தில் மன்மதனுக்கும் ரதிக்கும் திருமணம் நடக்கிறது. தேவர்களின் வேண்டுகோளை ஏற்று, சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுகிறான். ரதி தடுத்தும் கேளாமல் போனவன் நெற்றிக்கண்ணில் எரிந்து சாம்பலாகிறான். ரதியின் புலம்பலுக்கு இரங்கிச் சிவன் அவனை மீண்டும் எழுப்புகிறார். தஞ்சைப் பகுதி லாவணிப் பாட்டில் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று மறு கட்சியும் நின்று வாதிடும். பெரிய தத்துவச் சிக்கல் ஒன்று இப்படி ஊர்ப் பந்தலுக்குள் வருகிறது. காமம் எல்லை மீறினால் எரியும். ஆனால் அது முற்றாக அழிந்தால் உலகம் நடவாது. ஆகையால் தவத்தின் கடவுளே அதற்கு உயிர் திருப்பித் தரவேண்டியிருக்கிறது.

அண்டை வீட்டுச் சமயங்களும் இவ்வாறே பேசுகின்றன. அங்குத்தர நிகாயம் என்ற பௌத்த நூலில் புத்தர் தம் இல்லறச் சீடர் அனாதபிண்டிகருக்கு இல்லறத்தாரின் நான்கு சுகங்களை எடுத்துரைக்கிறார்: நேர்வழியில் ஈட்டிய பொருளை உடைமையாகக் கொண்டிருப்பது, அதைத் துய்ப்பது, கடனில்லாமல் இருப்பது, பழியில்லாமல் இருப்பது. துய்த்தல் அங்கே சுகமாகவே ஏற்கப்படுகிறது. ஆனால் மற்ற மூன்றும் சேர்ந்தாலும் பழியின்மை தரும் சுகத்துக்கு ஈடாகாது என்று அவர் முடிக்கிறார். விவிலியத்தின் உபாகமம் 24ஆம் அதிகாரம், புதிதாக மணந்தவனை ஓராண்டுக்குப் போருக்கும் பிற கடமைகளுக்கும் அழைக்கக்கூடாது, அவன் வீட்டிலிருந்து மனைவியை மகிழ்விக்க வேண்டும் என்று விதிக்கிறது. தேனிலவை ஒரு சட்டமாகவே எழுதிய பழைய நூல் அது. அதே அதிகாரம் சில வசனங்கள் தள்ளி, ஏழைக் கூலியாளின் சம்பளத்தைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடு என்கிறது. மணமக்களின் ஓய்வும் உழைப்பாளியின் கூலியும் ஒரே பக்கத்தில் நிற்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. இன்பம் குற்றமன்று, எந்த நிலத்தில் நின்று துய்க்கிறோம் என்பதைப் பொறுத்தே அதன் தூய்மை அமைகிறது.

இடம் அன்பைத் தருமா

காதலையும் நிலத்தையும் சேர்த்துப் பார்ப்பது தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியப் பொருளிலக்கணம் மலைநிலமான குறிஞ்சிக்குப் புணர்தலையும், கடற்கரையான நெய்தலுக்கு இரங்கலையும் உரிப்பொருளாக்கியது. இன்றைய சுற்றுலா கடற்கரையைக் கூடலின் இடமாகக் காட்டுகிறது. பழந்தமிழ்க் கவிதைக்கோ அது பிரிவின் இடம். கடலுக்குப் போனவன் திரும்பும்வரை காத்திருப்பவளின் மனநிலையே நெய்தல். இந்தத் திணைமரபில் நிலம் காதலைப் பிறப்பிப்பதில்லை. மனத்தில் ஏற்கனவே உள்ள உணர்வுக்குப் பொருத்தமான பின்புலமாக மட்டுமே நிலமும் பொழுதும் நிற்கின்றன. அதனால்தான் இலக்கண நூலார் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று பிரித்து, புணர்தல், பிரிதல் முதலான உணர்வுகளை உரிப்பொருள் என்று தனியே வைத்தார்கள்.

நுவரெலியாவிலிருந்து ஹக்கல போகும் வழியில் உள்ள சீதா எலிய சீதையம்மன் கோயில் இந்த உண்மையை இன்னும் அழுத்தமாகச் சொல்கிறது. இராவணன் சீதையைச் சிறைவைத்த அசோகவனம் இதுவே என்பது இங்குள்ள நம்பிக்கை. மணமான இணையர் பலர் இங்கே வழிபட்டுச் செல்கிறார்கள். இராமகாதையில் சீதை மகிழ்ந்து வாழ்ந்த இடங்கள் சித்திரகூடத்திலும் பஞ்சவடியிலும் இருந்த இலைக்குடில்கள். அவள் உருகி அழுத இடமோ பூத்துக் குலுங்கிய அரச பூங்கா. மனமொத்த துணையோடு இருந்தபோது காடு போதுமானதாயிற்று. விருப்பத்துக்கு மாறாக வைத்தபோது பூங்கா சிறையாயிற்று. ஆகவே இடத்தின் அழகு அன்புக்குத் துணைசெய்யலாம். அன்பின் இடத்தை அதனால் நிரப்ப முடியாது.

மலையக மக்களின் வரலாறு நெய்தலின் இரங்கலை வேறொரு வகையில் நிகழ்த்திக் காட்டியது. 1820களிலிருந்து காப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்ட பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்தார்கள். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இம்மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்க விடப்பட்டது. உறவுகளை இரண்டாகப் பிரித்துத் தலைமன்னாரை நோக்கிச் சென்ற ரயிலை மலையக மக்கள் அழுகைக் கோச்சி என்றார்கள். அந்தக் கரையில் கூடியவர்களைவிடப் பிரிந்தவர்களே மிகுதி. கடலோரத்தை இன்பத்தின் இடமாக மட்டும் காணும் பார்வை இந்த வரலாற்றை மறைத்துவிடுகிறது.

தனிமை யாருக்கு

மூன்றாம் கேள்வியே கடினமானது. பங்களா விடுதி விற்கும் பண்டங்களில் அரிதானது தனிமை. விருந்தினர் சிலருக்காகப் பல அறைகளும் தோட்டமும் பணியாளரும் காத்திருக்கின்றனர். அதே மலைச்சரிவில் தொழிலாளர் வாழும் வரிசைவீடான லயத்தில் காம்பரா எனப்படும் அறை ஒன்றின் அளவு பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள்ளேயே பெற்றோர், பிள்ளைகள், சில வீடுகளில் புதிதாக மணந்த மகனும் மருமகளும் வாழ்கிறார்கள். மணமக்களுக்காக மற்றவர்கள் இஸ்தோப்பு எனப்படும் முன்திண்ணையில் படுத்துக்கொள்வதும், பக்கத்துக் காம்பராவின் பேச்சு சுவரைத் தாண்டிக் கேட்பதும் இங்கே வழக்கமானவை. கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேச ஒரு மூலை வேண்டும் என்பது ஆடம்பரமன்று. இல்லறத்தின் அடிப்படைத் தேவை. அந்தத் தேவை ஓரிடத்தில் உல்லாசப் பண்டமாகவும் மற்றோரிடத்தில் எட்டாக் கனியாகவும் இருப்பதே அறக்கேள்வியின் மையம்.

ஓய்வின் நிலையும் அதுவே. பிரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போய், இடுப்பில் படங்கு கட்டி, மழையிலும் அட்டைக் கடியிலும் நின்று, குறித்த கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுநாள் சம்பளமான முழுப்பேர் கிடைக்கும்; குறைந்தால் பாதியான அரைப்பேர். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா. மாதம் 25 நாள் வேலை கிடைத்தாலும் அது அப்போது 33,750 ரூபாவே. உயர்தர பங்களா ஒன்றின் ஓரிரவுக் கட்டணம் இப்படிப்பட்ட பல மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். தம் வாழ்நாளில் மிரிஸ்ஸ, வெலிகம கடலைக் கண்ணால் பாராத தோட்டத் தம்பதியர் ஏராளம்.

இதனால் அவர்களிடம் காதல் இல்லை என்று எண்ணுவது பெரும்பிழை. மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்து 1947இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்களில் காதல் பாடல்கள் உண்டு. அவை கொழுந்து மலையிலேயே, வேலையின் நடுவிலேயே பிறந்தவை. தோட்டந்தோறும் கோயில் கொண்ட முருகனின் கதையும் இதற்கு இசைவானது. வள்ளி தினைப்புனம் காத்த உழைக்கும் பெண். முருகன் அவளைத் தன் அரண்மனைக்கு வரச்சொல்லவில்லை. வேடனாகவும் கிழவனாகவும் அவளுடைய வேலைத்தலத்துக்கே இறங்கி வந்தான். மலைநிலக் கடவுளின் காதல் உழைப்பவளின் மதிப்பை உயர்த்தியது.

மறுப்புகளும் விடைகளும்

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழும். முதலாவது, சுற்றுலா வேலை தருகிறது, விருந்தினர் வராவிட்டால் தோட்டத்து இளைஞருக்கே இழப்பு என்பது. இது உண்மை. சமையல், வழிகாட்டல், வாகனம் ஓட்டுதல் எனப் பலருக்கு அது வருமானம். ஆகவே பயணத்தைக் கைவிடுவது அறமாகாது. ஆனால் வேலை தருவதாலேயே கூலியும் குடியிருப்பும் பற்றிய கேள்வி தீர்ந்துவிடாது. தோட்டமும் வேலை தந்துகொண்டேதான் இருந்தது.

இரண்டாவது, துன்பம் உலகெங்கும் இருக்கிறது, அதை எண்ணினால் யாரும் மகிழ முடியாது என்பது. எல்லாத் துன்பத்துக்கும் எல்லாரும் பொறுப்பாக முடியாது என்பது சரியே. ஆனால் தேநீர்க் கோப்பையும் காட்சியும் அமைதியும் இன்னாருடைய உழைப்பால் வந்தவை என்று கண்முன்னே தெரியும்போது உறவு நேரானதாகிறது. நேரான உறவு நேரான கடமையைக் கொண்டுவருகிறது.

மூன்றாவது, கட்டணம் செலுத்தியதோடு கடமை முடிந்தது என்பது. விலை கொடுத்தவன் விடுதிக்குக் கடன்படவில்லை என்பது வணிக நீதி. அந்த விலையில் உழைத்தவளுக்கு உரிய பங்கு போய்ச் சேர்ந்ததா என்று கேட்பது அறம். உழைத்தவருக்கு வியர்வை உலருமுன் கூலி சேரவேண்டும் என்று கற்பிக்கும் நபிமொழியும், பழியின்மையை உச்ச சுகமாக்கிய புத்தரின் போதனையும், அறத்தை முதலில் வைத்த குறளும் இங்கே ஒரே குரலில் பேசுகின்றன.

கடமைகள்

இதிலிருந்து சில தெளிவான கடமைகள் பிறக்கின்றன. இணையருக்குரியது, கடன் வாங்கி ஆடம்பரம் காட்டாமல் தம் வரவுக்குள் பயணம் செய்வது. தோட்ட மக்களைப் படத்துக்கான அலங்காரமாக்காமல், அனுமதி கேட்டே படமெடுத்து, அக்கா, ஐயா, அம்மா என்று மரியாதையோடு பேசுவது. உள்ளூர்க் கடைகளிலும் உள்ளூரார் நடத்தும் தங்குமிடங்களிலும் செலவின் ஒரு பகுதியை இடுவது. விடுதி நடத்துவோருக்குரியது, சூழவுள்ள தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் உயர்பதவிகளும் நியாயமான சம்பளமும் தருவது. அரசுக்கும் தோட்ட நிருவாகங்களுக்கும் உரியது காணியும் வீடும். இந்திய உதவியுடன் 4,000 தனிவீடுகள் கட்டும் பணி தொடங்கியது. 2017 மே மாதம் நோர்வுட்டில் பேசிய இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். லயங்களில் வாழும் குடும்பங்களின் தொகையோடு ஒப்பிட்டால் இவை தொடக்கம் மட்டுமே.

இணையரின் ஓய்வும் தனிமையும் மகிழ்ச்சியும் நல்லவை. சமயங்கள் அவற்றை வாழ்த்துகின்றன. நல்லவை என்பதாலேயே அவை சிலருக்கு மட்டும் உரிய பண்டமாக இருக்கக்கூடாது. கொழுந்து எடுக்கும் பெண்ணும் அவள் கணவனும் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறையும், சம்பளத்தோடு சில நாள் விடுமுறையும், கடலைப் பார்த்துவர ஒரு பயணச்சீட்டும் பெறும்போதுதான் மலையகத்தின் தேனிலவு விடுதிகள் பழியற்ற இன்பத்தின் இடங்களாகும்.