பூனையும் பக்கத்தில் நின்றவளும்

உத்திரமேரூர்ப் பக்கத்துச் சேரியில் பிறந்தவர்களுக்கு இது புதுசு இல்லை. அறுப்புக் காலத்தில் என் ஆயா ஆண்டை வீட்டுத் தோட்டத்துப் பக்கம் உட்கார்ந்து நெல் புடைப்பாள். கூடவே நான். கூழ் கொண்டுவரும் அம்மாள் எட்ட நின்று தூக்கி ஊற்றுவாள். ஆயா கையைக் குழித்துக் குனிந்து குடிப்பாள். அந்நேரம் பார்த்துச் சமையல்கட்டிலிருந்து வாயை நக்கிக்கொண்டு ஒரு பூனை வரும். எலி தின்ற வாய். அதற்குத் தீட்டு இல்லை.

"அது மட்டும் உள்ள பூந்து வருதே ஆயா, நாம போவக்கூடாதா?"

"அது பூனைடா. நாம மனுசங்களாச்சே."

அந்தப் பதில் எனக்குப் புரிய ரொம்ப நாளாச்சு. பூனை பங்கு கேட்காது, சமமாக உட்காராது. மனுசன் கேட்பான். அதனால்தான் அவனுக்கு வாசற்படி. 1931 ஆகஸ்டில் பம்பாயில் காந்தியைச் சந்தித்த அம்பேத்கர், நாய் பூனையைவிடக் கேவலமாக நடத்தப்படுகிறவர்களுக்கு இது எப்படித் தாய்நாடாகும் என்று கேட்டார். பூனையை அவர் சும்மா இழுக்கவில்லை.

கலையிலும் பூனைக்கு எப்போதும் இடம் இருந்திருக்கிறது. மாமல்லபுரம் பாறையில் 7ஆம் நூற்றாண்டிலேயே அது கை தூக்கித் தவம் செய்கிறது. 19ஆம் நூற்றாண்டில் காளிகாட் ஓவியர்கள் நாமம் போட்டு, வாயில் இறாலோடு அதை வரைந்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் ஜாமினி ராய் தன் பாணியில் வரைந்தார். போலிச் சாமியாரைக் கிண்டல் செய்யப் பூனை உதவியது. நல்லதுதான். என் கேள்வி வேறு. பூனையைப் பார்த்த கண், பக்கத்தில் நின்ற ஆளைப் பார்த்ததா?

நவீன ஓவியத்தின் தொடக்கம் என்று பலரும் சொல்கிற படம், மானே 1863இல் வரைந்த 'ஒலிம்பியா'. கட்டிலில் ஆடையில்லாமல் ஒரு வெள்ளைக்காரப் பெண். கால்மாட்டில் வாலைத் தூக்கிய கறுப்புப் பூனை. பூங்கொத்தோடு நிற்கும் வேலைக்காரி ஒரு கறுப்பினப் பெண். 1865இல் பாரிசில் காட்சிக்கு வைத்தபோது ஊரே சிரித்தது. கேலிச்சித்திரக்காரர்கள் பூனையைப் பெரிதாக்கி வரைந்தார்கள்.

மானேவுக்கு ஆதரவாக எழுத்தாளர் எமில் ஜோலா 1867இல் எழுதினார். ஓவியனுக்கு வெளிச்சமான நிறம் தேவைப்பட்டது, பூங்கொத்து வைத்தான். கறுப்புத் திட்டு தேவைப்பட்டது, ஒரு கறுப்புப் பெண்ணையும் பூனையையும் வைத்தான் என்பது அவர் வாதம். இரண்டும் ஒன்று, இரண்டும் திட்டு! இதே ஜோலாதான் 1898இல், அநியாயமாகத் தண்டிக்கப்பட்ட யூத அதிகாரி திரைஃபுசுக்காக அரசையே எதிர்த்து நின்றார். நியாயத்துக்காகப் போராடுகிறவனுக்கும் கண் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

கலையில் இப்படிக் கணக்குப் பார்க்கலாமா, நிறத்தை நிறமாகப் பாருங்கள் என்பார்கள். பார்க்கலாம். ஆனால் அந்தத் திட்டுக்குப் பெயர் இருந்தது. லோர். அவள் பெயரையும் விலாசத்தையும் எழுதி, ரொம்ப அழகானவள் என்று மானேயே தன் குறிப்பேட்டில் வைத்திருந்தார். வரைந்தவன் பார்த்தான், பார்க்க வந்தவர்கள் பார்க்கவில்லை. 2019இல் பாரிசின் ஓர்சே அருங்காட்சியகம் கறுப்பின மாடல்களைப் பற்றிக் கண்காட்சி நடத்தியபோதுதான் அவள் பெயர் பரவலாகப் பேசப்பட்டது. நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலே.

வெள்ளைக்காரனை மட்டும் திட்டி முடித்துவிட எனக்கு மனசு வரவில்லை. அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது நானும் பூனையைத்தான் பார்த்தேன். கறுத்த உடம்பு நமக்குப் பழகினது, வேலைக்காரியாக நிற்பதும் பழகினது. பழகினதால் கண் தாண்டிப் போகிறது. ஒடுக்கப்பட்டவன் என்பதாலேயே நமக்குப் பார்வை வந்துவிடுமா? சேரிக்குள்ளேயே நம் பெண்களை நாம் எப்படிப் பார்க்கிறோம்?

ஆண்டை வீட்டுப் பூனை செவலை நிறம், வால் நுனி வெள்ளை. இன்றைக்கும் வரைந்து காட்டுவேன். ஆயாவின் பெயர் குப்பம்மாள் என்று நான் தெரிந்துகொண்டது, அவள் செத்த பிறகு ரேஷன் கார்டில் பேரை நீக்கப் போன அன்றைக்குத்தான்.